மூக்கடைப்பும் வெறிச்சோடிய ஸ்லைடும்

1. முதல் நாள் கிடைத்த உத்தரவு

ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒதுக்கப்பட்டது மலப் பரிசோதனை மேசை. முகம் சுளிப்பவர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடலாம். லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. எல்லாருக்கும் ஆரம்பம் அந்த மேசைதான்.

எனக்கு வேலை பழக்கியவர் ஹமீத் சேர். லேபின் தலைவர். ஹட்டன் பக்கத்து மனிதர், பேச்சில் சிக்கனம். ஸ்லைடின் ஒரு பக்கம் ஒரு சொட்டு சேலைன், மறு பக்கம் ஒரு சொட்டு அயடீன். குச்சி நுனியில் குண்டூசித் தலையளவு மலம். இரண்டிலும் கலக்கி கவர் ஸ்லிப் போட வேண்டும். முதலில் மைக்ரோஸ்கோப்பின் லோ பவரில் வயலை உழுவது போல இடமிருந்து வலம், வலமிருந்து இடம். பிறகு ஹை பவர். தேட வேண்டியவை புழு, புழுவின் முட்டை, அமீபா, சீழ் அணு, சிவப்பணு. இவ்வளவுதான் எஸ்.எஃப்.ஆர் எனப்படும் ஸ்டூல் ஃபுல் ரிப்போர்ட்.

நான் குனிந்து பார்த்தேன். வட்டத்துக்குள் ஒரு புழுவையும் காணவில்லை. ஆனால் வட்டம் முழுவதும் பொடிப் பொடியாக எதுவோ நடுங்கிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருந்தது.

“சேர், இங்க பூரா என்னமோ நெளியுதே?”

“பாக்டீரியா.”

“அதையும் எழுதவா?”

“என்னத்துக்கு? எல்லார் வயித்திலயும் இருக்கிறதை எழுதுறதுன்னா, இவருக்கு மூக்கு ஒண்ணு இருக்குன்னும் எழுதணும். ரிப்போர்ட் ஃபோர்ம்ல அதுக்கு கட்டம் இருக்கா?”

“இல்ல சேர்.”

“அப்போ தாண்டிப் பாருங்க தம்பி.”

அன்றிலிருந்து தாண்டிப் பார்த்தேன். தாண்டுவதில் நான் கெட்டிக்காரன் ஆனேன். ஹமீத் சேர் ஓய்வு பெற்று, அவருடைய நாற்காலி எனக்கு வந்து, நானும் புதிதாக வந்தவர்களிடம் அதே வாக்கியத்தை அதே அலுப்போடு சொன்னேன். ஒருவர்கூட ஏன் என்று திருப்பிக் கேட்கவில்லை. நல்ல நடைமுறை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

2. மூக்குக்காக வந்தவள்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் கலைச்செல்வி வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். நோயாளியின் பெயர் வெளியே போகக் கூடாது என்பது நான் தலைவணங்கும் விதிகளில் ஒன்று.

அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஏ.எல் என்ற உயர்தரம் வரைக்கும் விஞ்ஞானம் படித்தவள். அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் ஆட்கள் வாயில் அது ‘ஸ்டோர்’, தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கருக்கு உதவியாளாகச் சேர்ந்திருந்தாள். ஆறு மாதம் தவணை. தேறினால் நிரந்தரம். அவளுடைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு பெண் அந்த வேலைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

கவுண்டரில் சீட்டை நீட்டினாள். மூக்குக் கிளினிக் டொக்டர் எழுதிய சீட்டு. இரத்தம், மலம் இரண்டும் பார்க்கச் சொல்லியிருந்தார்.

“சேர், இதுல ஒண்ணு தப்பா எழுதிட்டாங்க போல. எனக்கு வருத்தம் மூக்குல.”

“தப்பில்ல புள்ள.”

“மூக்குக்கு எதுக்கு சேர் அது?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் தயார் பதில் உண்டு. இரத்தத்தில் ஈயோசினோஃபில் என்று ஒரு வெள்ளை அணு இருக்கிறது. சாயம் போட்டால் செம்மஞ்சளாகத் தெரியும். அது கூடினால் பெரும்பாலும் காரணம் இரண்டிலொன்று: ஒவ்வாமை, அல்லது வயிற்றில் புழு. ஒவ்வாமை என்று எழுதுவதற்கு முன்னால் புழு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சொல்லி முடித்தேன். அதற்குள் அவள் பதினொரு தடவை தும்மினாள். எண்ணுவது என் தொழில்.

“எத்தனை நாளா இப்படி?”

“சின்னதுல இருந்தே இருக்கு சேர். ஸ்டோருக்கு வந்த பிறகு தாங்க முடியல. தேயிலை சலிக்கிற சிஃப்டிங் பக்கம் தும்பு பறக்கும். காலையில ஒரு மணி நேரம் தும்மல். பிறகு மூக்கே இல்லாத மாதிரி அடைச்சுக்கும்.”

“மூக்கு அடைச்சா வேலை செய்ய ஏலாதா?”

“என் வேலையே மூக்குதான் சேர்.”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ரோலரில் அரைபட்ட கொழுந்தைக் குளிர்ந்த தரையில் பரப்பி வைப்பார்கள். பச்சை வாசம் மெதுவாகப் போய் பழ வாசம் ஏறும். அது உச்சிக்கு வரும் நேரத்தில் அள்ளி ட்ரையருக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேயிலை கசக்கும். பிந்தினால் சப்பென்று போகும். கடிகாரம் கொஞ்சம் உதவும், நிறம் கொஞ்சம் உதவும். முடிவு சொல்வது மூக்கு.

“போன மாசம் ஒரு பரப்பு என்னால பிந்திப் போச்சு. டீமேக்கர் எல்லாருக்கும் முன்னால சொல்றாரு, ‘மூக்கில்லாத ஆளுக்கு ஸ்டோர்ல என்னம்மா வேலை? கொழுந்து பறிக்க மலைக்குப் போ. அங்க கண்ணும் கையும் போதும்’னு. தவணை முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு சேர்.”

அன்று இரத்தம் எடுத்தோம். ஈயோசினோஃபில் நன்றாகக் கூடியிருந்தது. மற்றதற்கு ஒரு போத்தல் கொடுத்து அனுப்பினேன்.

3. சுத்தமான சாம்பிள்

மூன்று நாள் கழித்துப் போத்தலைக் கொண்டுவந்தவர் கலைச்செல்வியின் அம்மா சரசு. முதல் பஸ்ஸில் வந்திருந்தார். போத்தலை மூன்று ஷொப்பிங் பேக்கில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துவாயும் கட்டி, கோயில் பிரசாதத்தைப் போல இரண்டு கையாலும் நீட்டினார்.

உள்ளே இருந்தது ஏறக்குறைய தண்ணீர்.

வழக்கப்படி ஸ்லைடு போட்டேன். புழு இல்லை. முட்டை இல்லை. அமீபா இல்லை. ஃபோர்மின் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கு அந்த வேலை முடிந்தது. பேனாவையும் எடுத்துவிட்டேன். ஆனால் ஏதோ இடித்தது. திரும்பவும் குனிந்தேன். எது இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. வட்டம் அளவுக்கு மீறித் தெளிவாக இருந்தது. எல்லாரும் மலைக்குப் போன பிறகு லயத்து வாசலில் நின்று பார்த்தால் ஒரு வெறுமை இருக்குமே, அப்படி.

நெளிகிறவர்களைக் காணவில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர்களைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதே இல்லாமல் போன அன்றுதான் உறைத்தது.

வெளியே வாங்குப் பலகையில் சரசு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, மகளுக்கு வயித்தால போகுதா?”

“இல்லீங்கய்யா. நாந்தான் சுத்தம் பண்ணி அனுப்பினேன்.”

“எதைச் சுத்தம் பண்ணினீங்க?”

“வயித்தைத்தான். ஆஸ்பத்திரியில பெரியவங்க பாக்கப் போறாங்கன்னா அழுக்கோட குடுக்கலாமா? தோட்டத்துத் துரை லயம் பாக்க வர்றாருன்னா மொத நாளே சாக்கடைக் கானை வெட்டி, வாசலைக் கூட்டி, கோழியைக் கூடக் கட்டி வைக்கிறோம்ல?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பரிசோதனை என்று யார் வந்தாலும் முந்திய நாளே துப்புரவு செய்து வைப்பது தோட்டத்து ஒழுக்கம். அதற்கு வயிறு விதிவிலக்கு என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. போத்தலின் மேல் பெயர் எழுதும் முறையைச் சொன்னோம், மூடியை இறுக்கும் முறையைச் சொன்னோம்.

“எப்படிச் சுத்தம் பண்ணினீங்க?”

“பூச்சி மாத்திரை ஒண்ணு. அடுத்த நாள் விளக்கெண்ணெய். அந்த ரெண்டு நாளும் வெறும் கஞ்சித் தண்ணி. கெப்சூல்தான் ஏற்கனவே போயிட்டிருந்துச்சு.”

“என்ன கெப்சூல்?”

“மூக்குக்கு டவுன் கடையில குடுப்பாங்களே, ரெண்டு கலர்ல. சளி கட்டினா பத்து இருக்கிற ஒரு கார்ட் வாங்கிக்குவா. இந்த வருஷம் எத்தனை கார்ட் போயிருக்கும்னு அவளுக்கே தெரியாது. அது கிருமியைக் கொல்லும்னு சொன்னாங்க.”

கொன்றுதான் இருந்தது. மூக்கு அடைத்தது கிருமியால் அல்ல, தேயிலைத் தும்பால். கெப்சூலுக்கு அது தெரியாது. அது வயிற்றுக்குள் போய்க் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தீர்த்திருந்தது. மிச்சத்தை விளக்கெண்ணெய் கழுவிக்கொண்டு போயிருந்தது.

இந்த மாதிரி சாம்பிளைத் திருப்பி அனுப்ப வேண்டும். எண்ணெயும் அன்டிபயோட்டிக்கும் போன வயிற்றில் அமீபாவைத் தேடுவது வீண். நிறுத்திச் சில வாரம் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும். அதைத் துண்டில் எழுதிக் கொடுத்து அவரை அனுப்பினேன். அதுவரை எல்லாம் விதிப்படி.

அதன் பிறகு செய்தது விதியில் இல்லை. கலைச்செல்வியின் சாம்பிளில் ஒரு ஸ்லைடு காயவைத்து, பாக்டீரியாவுக்கு நிறமேற்றும் கிராம் ஸ்டெயின் போட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆள் தேவை. யாரிடமும் காரணம் சொல்லாமல் உடனே எடுக்கக்கூடிய சாம்பிள் என்னுடையது மட்டும்தான்.

இரண்டையும் ஆயில் இமர்ஷனில், எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்க்கும் பெரிய லென்ஸில், வைத்தேன். என்னுடையதில் கண் வைக்க இடமில்லை. ஊதாவும் சிவப்புமாகக் கோல்கள், மணிகள், ஜோடிகள், சங்கிலிகள், கொக்கி போல வளைந்தவை, கவட்டை போலப் பிரிந்தவை. ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. ஸ்லைடைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. திருவிழாக் கூட்டத்தைக் கோபுரத்தின் மேலிருந்து பார்ப்பது போல இருந்தது. இவ்வளவு பேரும் காலையில் என்னோடு பஸ்ஸில் வந்தவர்கள். நான் உண்ட சோற்றில் பங்கு தின்றவர்கள். இவர்களில் ஒருவரையும் நான் ஒரு ரிப்போர்ட்டிலும் எழுதியதில்லை.

கலைச்செல்வியின் ஸ்லைடில் அங்கொன்று இங்கொன்றாக ஊதா மணிகள். நடுவில் ஒரு மாவுத் துணுக்கு. மற்றதெல்லாம் வெறும் கண்ணாடி.

4. டொக்டர் குனிந்து பார்த்தது

மூக்குக் கிளினிக் டொக்டர் இளம் வயதுப் பெண். ரிப்போர்ட் ஏன் வரவில்லை என்று கேட்க அவரே லேபுக்கு வந்தார். நான் சரசு செய்ததைச் சொல்லி மைக்ரோஸ்கோப்பைக் காட்டினேன். இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நாங்கள் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

“இந்த நிறைந்த ஸ்லைடு யாருடையது?”

“ஆரோக்கியமான ஒருவருடையது, டொக்டர்.”

“நல்ல சாப்பாட்டுக்காரர் போல.”

நான் என் வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் தடிமன் என்றார். அதற்கு அப்பால் உடம்பின் காவல் அணுக்களில் பெரும் பங்கு குவிந்திருக்கிறது. எதைக் கண்டால் அடிக்க வேண்டும், எதைச் சும்மா விட வேண்டும் என்று குழந்தைப் பருவத்திலிருந்தே அந்தக் காவலர்களைப் பழக்குவதில் இந்த பாக்டீரியாக்களுக்குப் பங்கு உண்டு. நாம் தின்னும் நாரை நம்மால் செரிக்க முடியாது, இவர்களால் முடியும். அதிலிருந்து இவர்கள் செய்யும் சில அமிலங்கள் இரத்தத்தில் கலந்து தூரத்துக் காவலரையும் அமைதிப்படுத்துகின்றன. மூக்குவரைக்கும்.

“மூக்கு வரைக்குமா?”

“மூக்கும் அதே உடம்பில்தானே இருக்கிறது, மிஸ்டர் சிவா. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களுடைய குடல் பாக்டீரியாக் கூட்டம் மற்றவர்களுடையது போல இல்லை என்று பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். பல சமயம் இனங்கள் குறைவு.”

“அப்போ இந்தப் பிள்ளையின் தும்மலுக்குக் காரணம் இந்தக் காலி ஸ்லைடு.”

“அப்படிச் சொல்லவே கூடாது. இவள் கெப்சூலுக்கு முன்னாலேயே தும்மியவள். இந்தக் காலி ஸ்லைடு போன வாரக் கூத்து. வயிறு மாறியதால் மூக்கு மாறுகிறதா, மூக்கு மாறியதால் வயிறு மாறுகிறதா, இரண்டையும் வேறொன்று மாற்றுகிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை. உறவு இருக்கிறது. முறை தெரியவில்லை. அதோடு இந்த மைக்ரோஸ்கோப் கூட்டத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. யார் யார் என்று அறிய ஜீன் பார்க்க வேண்டும்.”

எனக்கு ஒரு நப்பாசை.

“ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக் கொடுத்தால்?”

அவர் சிரித்தார். “சட்டியில் இருப்பது சில இனங்கள். காடு எரிந்த இடத்தில் இரண்டு கொய்யா நட்டால் காடாகிவிடுமா? சாப்பிடட்டும், நல்லதுதான். மருந்து என்று சொல்லிவிடாதீர்கள்.”

அடுத்த கிளினிக்கில் கலைச்செல்வியிடம் டொக்டர் முதலில் கேட்டது, முன்பே எழுதிக் கொடுத்திருந்த மூக்கு ஸ்ப்ரேயை அடிக்கும் முறையை. தலையை அண்ணாந்து அடித்து, மூக்கை உறிஞ்சி, மருந்தை விழுங்கிக்கொண்டிருந்தாள். மாதக் கணக்கில் மூக்கு மருந்து வயிற்றுக்குப் போயிருக்கிறது. வயிற்று வேலையாட்களோ கெப்சூலோடு போய்விட்டார்கள். தலையைக் கொஞ்சம் குனிந்து, நுனியைக் காதுப் பக்கம் சாய்த்து, தினமும் அடிக்கச் சொன்னார். சிஃப்டிங் பக்கம் போனால் முகக்கவசம். காய்ச்சி ஆறிய நீரில் உப்பிட்டு மூக்கைக் கழுவ வேண்டும். டொக்டர் எழுதாத கெப்சூல் இனித் தொடக் கூடாது. கீரை, பருப்பு, குரக்கன் எனும் கேழ்வரகு, தோலோடு பழம் தின்ன வேண்டும்.

பிறகு அவர்களை என்னிடம் அனுப்பினார். நான் புதுப் போத்தலைக் கொடுத்தேன்.

“ஆறு வாரம் போகட்டும். இந்த முறை ஒண்ணும் சுத்தம் பண்ண வேணாம். எப்படி வருதோ அப்படியே வேணும்.”

“அம்மா, கேட்டுச்சா? சேர் அழுக்காத்தான் கேக்குறாரு.”

“எனக்கென்னடி தெரியும்? இருக்கிறதை இருக்கிறபடி கேட்ட மொத ஆளு இவருதான்” என்றார் சரசு.

5. திரும்பி வந்த கூட்டம்

ஏழாவது வாரம் இருவரும் வந்தார்கள். கவுண்டரில் நின்ற பத்து நிமிடத்தில் கலைச்செல்வி ஒரு தடவைதான் தும்மினாள். நான் தவணை பற்றிக் கேட்கத் தயங்கினேன். அவளே ஆரம்பித்தாள்.

“போன வெள்ளிக்கிழமை டீமேக்கர் டெஸ்ட் வச்சாரு சேர். தரையில மூணு பரப்பு. எதை முதல்ல ட்ரையருக்கு அனுப்புவேன்னு கேட்டாரு. கடிகாரத்தைப் பார்த்தா முதல் பரப்புதான் போகணும். குனிஞ்சு மோந்து பார்த்தேன். அதுல இன்னும் பச்சை வாசம். நடு பரப்பு நல்லா பொடியா அரைபட்டது. அதுல பழ வாசம் ஏறி நிக்குது.”

“என்ன சொன்னே?”

“நடுவுலதுன்னேன். ‘கடிகாரம் தெரியாதா?’ன்னாரு. ‘தெரியும் ஐயா, ஆனா இது நிக்காது’ன்னேன்.”

“பிறகு?”

“அவரே முட்டி போட்டுக் குனிஞ்சாரு. மூணையும் மோந்தாரு. ரொம்ப நேரம். எழும்பி, ‘நடுவுலதை அள்ளுங்கடா’ன்னாரு. திங்கக்கிழமை நிரந்தர லெட்டர் கையில குடுத்தாங்க.”

“இவ சொல்லலையே, அந்த மனுசன் போகும்போது சொன்னாராம், ‘மூக்கை எங்க அடகு வச்சிருந்தேம்மா இவ்வளவு நாளா’ன்னு” என்றார் சரசு.

அவர்களை வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டுப் போத்தலோடு உள்ளே போனேன். புழு, முட்டை, அமீபா எதுவும் இல்லை. இம்முறை அந்த ‘இல்லை’களை எழுத எனக்கு உரிமை இருந்தது. பிறகு கிராம் ஸ்டெயின். கை கழுவி, எண்ணெய்ச் சொட்டு வைத்து, குனிந்தேன்.

நிறைந்திருந்தது.

கோல்கள், மணிகள், சங்கிலிகள், கவட்டைகள். சில பழைய ஆட்கள் குடலின் மடிப்புகளில் ஒளிந்து பிழைத்திருக்கலாம். சிலர் கீரையோடும், வீட்டு ஆட்களின் கையோடும், மண்ணோடும் வந்திருக்கலாம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக்கூட மணி அடித்தால்தான் எங்கள் ஆட்கள் கூடுவார்கள். இங்கே யாரும் மணி அடிக்கவில்லை, பெயர் கூப்பிடவில்லை. தங்கள் தங்கள் இடத்துக்கு வந்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். என் தொழிலில் நான் பார்த்த ஆகப் பெரிய காட்சி ஊசி முனையளவு இடத்தில் இருந்தது. கண்ணை எடுக்க மனம் வரவில்லை. உதவியாள் வந்து, “சேர், பேஷன்ட்ஸ் காத்துக்கிட்டிருக்காங்க” என்றாள்.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மூக்கு திறந்தது பெரும்பாலும் ஸ்ப்ரேயால். டொக்டர் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். என் முகத்தைப் பார்த்து மூன்றாவது தடவையும் சொன்னார். முந்தி இருந்த அதே இனங்கள்தான் திரும்பின என்பதற்கும் என்னிடம் சான்று இல்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் நடைமுறையில் சேர்த்திதான்.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. ஃபோர்மின் அடியில் ‘குறிப்பு’ என்று அரை அங்குல இடம் உண்டு. அதுவரை அதில் நான் ‘சாம்பிள் போதாது’ என்பதைத் தவிர எதையும் எழுதியதில்லை. அன்று ஆங்கிலத்தில் ‘பாக்டீரியா: ஏராளம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. ஹமீத் சேர் பார்த்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

கலைச்செல்வி வாங்கிப் படித்தாள். அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். சரசுவின் முகம் வாடிவிட்டது.

“ஐயா, ஏராளமா பாக்டீரியாவா? அப்போ போற வழியில டவுன்ல ஒரு கார்ட் வாங்கிக்கவா?”

நான் ரிப்போர்ட்டைப் பிடுங்காத குறையாகத் திருப்பி வாங்கினேன். மிச்சம் இருந்த இடத்தில் தமிழில் எழுதினேன்: ‘இவை இருக்க வேண்டியவை. கெப்சூல் வேண்டாம்.’ அரை அங்குலம் போதாமல் ஓரத்துக்கும் ஏறி எழுதினேன்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். போத்தலைக் கொடுக்கும்போது மூடியை இறுக்கச் சொல்வதற்கு முன்னால், உள்ளதை உள்ளபடி கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு சொல்லைப் புதிதாக எழுதினால், பஸ் ஏறும் இடத்தில் அதை யார் எப்படிப் படிப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். புழுவையும் முட்டையையும் தேடும்போது மற்றதைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும், ஹமீத் சேர் சொன்னது சரி. வாரத்துக்கு ஒரு ஸ்லைடையாவது தாண்டாமல் பாருங்கள்.